சார்ஜ் ஏற மறுத்தால் வண்டி கெட்டுப்போச்சா?

கோடை வந்தால் மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு புகார் கிளம்பும். காலை ஷிப்ட் முடித்து, மதியம் இரண்டரை மணி வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். வந்த கையோடு சார்ஜரைச் செருகினால் ஏறாது. பிடுங்கி மறுபடி செருகினாலும் ஏறாது. திட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நாலு மணிக்கு வந்து பார்த்தால், வண்டி ஒன்றும் தெரியாத மாதிரி சமர்த்தாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் வண்டி மெக்கானிக்கிடம் போகும். நல்ல மெக்கானிக்காக இருந்தால், "ஒண்ணும் இல்லண்ணா, கொஞ்ச நேரம் நிழல்ல ஆறவிட்டுப் போடுங்க" என்பார். அவசரக்காரராக இருந்தால், "சென்சார் தொல்லைண்ணா, அதை எடுத்துவிட்டுட்டா பிரச்னையே இல்ல" என்பார். இந்த இரண்டாவது பதில்தான் ஆபத்து. ஏன் என்பதுதான் இந்த வாரம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு இது அடுத்த வீட்டு விஷயம். நாட்டின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு அவர்கள் வட்டாரத்தில்தான் தயாராகிறது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த ஓசூரிலிருந்துதான் இன்று அதே நிறுவனத்தின் ஐக்யூப் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய பெங்களூர் நிறுவனமான ஏத்தர், 2021 தொடக்கத்தில் தன் தொழிற்சாலையை எல்லை தாண்டி ஓசூருக்குக் கொண்டுவந்தது. போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. இந்தத் தொழிற்சாலைகளில் நிறையப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தன் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் ஓலா அறிவித்தது நினைவிருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளில் பேட்டரியைக் கோக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் அந்த பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் வீடுகளும் அங்கேதான் இருக்கின்றன.

சரி, அந்த சென்சார் என்பது என்ன?

மின் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே பேட்டரி இருக்காது. நம் டார்ச் லைட் செல்லைவிடக் கொஞ்சம் ஒல்லியான, உருளை வடிவ லித்தியம் அயன் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். சில வண்டிகளில் இருநூறுக்கு மேல். அவற்றுக்கு இடையே இங்கொன்றும் அங்கொன்றுமாக, அரிசி மணி அளவில் ஒரு பொருளை ஒட்டி, அதிலிருந்து மெல்லிய இரண்டு ஒயர்களை இழுத்திருப்பார்கள். பெயர் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பொதுவாகப் பயன்படும் வகையில், 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் இருக்கும் தடை, 50 டிகிரியில் ஏறத்தாழ 4,000 ஓமாக இறங்கிவிடும். ஒயரின் மறுமுனையில் இருக்கும் சின்ன சர்க்யூட், தடையை அளந்து சூட்டைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இது புது மாயம் ஒன்றும் இல்லை. சூடாக்கினால் உலோகத்தில் மின்சாரம் ஓடுவது சிரமமாகும். ஆனால் வெள்ளி சல்பைடில் மட்டும் தலைகீழாக, சூடாக்கினால் சுலபமாக ஓடுகிறது என்று மைக்கேல் ஃபாரடே 1833-லேயே பார்த்து வியந்திருக்கிறார். ஸ்கூட்டருக்குள் இருப்பது அந்த வியப்பின் பேரன்.

அந்தச் சின்ன சர்க்யூட்டுக்கு பி.எம்.எஸ். என்று பெயர். பேட்டரியின் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். லித்தியம் அயன் செல் நிரம்பிவிட்டதா என்று கண்டுபிடிப்பது சூட்டை வைத்து அல்ல, வோல்டேஜை வைத்து. ஒரு வகைச் செல் 4.2 வோல்ட்டில் நிரம்பும், எல்.எஃப்.பி. என்கிற இன்னொரு வகை 3.65 வோல்ட்டில். அந்த எல்லையைத் தொட்டதும் பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்த வேண்டும். வோல்டேஜ்தான் வாசலில் நிற்கும் முதல் காவலாளி.

அப்படியென்றால் வெப்ப சென்சார் எதற்கு? முதல் காவலாளி தூங்கிவிட்டால் எழுப்ப.

சார்ஜர் பழுதாகலாம். வேறு வண்டியின் சார்ஜரை யாராவது செருகலாம். வோல்டேஜை அளக்கும் ஒயர் ஒன்று குலுங்கலில் தளர்ந்து தப்புக் கணக்குக் காட்டலாம். நிரம்பிய செல்லுக்குள் மேலும் மின்சாரத்தைத் திணித்தால், போக இடம் இல்லாத லித்தியம் எதிர்முனையில் உலோகமாகப் படியத் தொடங்கும். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். செல் உப்பும். கூடவே சூடு ஏறும். கணக்குப் பொய் சொன்னாலும் சூடு பொய் சொல்லாது. அதைக் கண்டதும் வோல்டேஜ் என்ன சொன்னாலும் சரி என்று பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான லித்தியம் அயன் செல்களை 0 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரைக்குள்தான் சார்ஜ் செய்யலாம். ஓட்டும்போது 60 டிகிரி வரை தாங்கும். சார்ஜ் ஏற்றும்போது அந்தச் சலுகை இல்லை. இப்போது அந்த மதியம் இரண்டரை மணி வண்டியை நினைத்துப் பாருங்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது. மலை இறங்கி கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, பர்கூர் என்று போனால் வெயில் வேறு. தகர ஷெட்டில் எட்டு மணி நேரம் நின்ற வண்டி, அதன்மேல் சாலைச் சூட்டில் அரை மணி நேர ஓட்டம். பேட்டரியின் உட்சூடு 45-ஐத் தாண்டியிருந்தால் பி.எம்.எஸ். சார்ஜ் வாங்க மறுக்கும். ஆறியதும் வாங்கிக்கொள்ளும். வண்டி ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது விவசாயக் குடும்பத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சரியாகக் காயாத வைக்கோலைப் போர் போட்டால் என்ன ஆகும்? வெளியே தொட்டால் குளிர்ந்துதான் இருக்கும். உள்ளே கையை விட்டால் சுடும். உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல், சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே சில சமயம் போர் பற்றிக்கொள்ளும். லித்தியம் செல்லிலும் நடப்பது அதே கதைதான், நிமிடக் கணக்கில். சுமார் 80, 90 டிகிரிக்கு மேல் செல்லுக்குள் இருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவே சூட்டை வெளியிடும். சுமார் 130 டிகிரியில் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் தாள் உருகும். அதற்குப் பிறகு முனைகள் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் சார்ஜரைப் பிடுங்கினாலும் பயனில்லை, செல் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 45, 50 டிகிரியிலேயே நிறுத்தச் சொல்கிறார்கள்.

வைக்கோல் போரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எங்கே கைவிட்டுப் பார்க்கிறோம் என்பது முக்கியம். பெட்டியின் ஓரத்தில் காற்றுப்படும் செல்லில் சென்சாரை ஒட்டினால் அது 38 என்று சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் நெருக்கியடித்து நிற்கும் செல் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கலாம். நல்ல தயாரிப்பாளர், வண்டியை ஓட விட்டு, பெட்டிக்குள் எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று அளந்து அங்கே ஒட்டுவார். விலை குறைவான பேட்டரியில் ஒரே ஒரு சென்சாரை, ஒயர் எட்டும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இப்போது அந்த அவசர மெக்கானிக்கிடம் வருவோம். சென்சார் ஒயரை வெறுமனே வெட்டிவிட்டால் பெரும்பாலான வண்டிகள் சார்ஜே வாங்காது. ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். அதைப் பார்த்து பி.எம்.எஸ்., பேட்டரி பனியில் உறைந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். இது தெரிந்த ஆள் என்ன செய்வார் தெரியுமா? சென்சார் இருந்த இடத்தில் 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துவிடுவார். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு எப்போதும் 25 டிகிரிதான். மே மாத மதியமும் 25, பேட்டரி உப்பிக்கொண்டிருந்தாலும் 25. சார்ஜ் ஏறும், புகார் தீரும், மெக்கானிக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வரும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் 98.4 என்று பேனாவால் எழுதிக் குழந்தையின் அக்குளில் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் வாரன்டி முடிந்த பேட்டரிகளும், பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதுச் செல் கோத்துத் தருகிற கடைகளும் இனி பெருகத்தான் போகின்றன. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டிகளுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயதானவர்களும் ஓட்டும் சின்ன வண்டிகளில்தான் இந்த மறு உபயோக வேலை அதிகம் நடக்க வாய்ப்பு. பேட்டரி கோத்து வாங்குகிறீர்கள் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே எத்தனை டெம்பரேச்சர் சென்சார் போட்டிருக்கீங்க, எங்கெங்கே ஒட்டியிருக்கீங்க?" பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச் 25 இரவு, வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த புது மின் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தகப்பனும் பதின்மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். அவர்கள் உயிரைப் பறித்தது புகை. மறுநாளே புனேயில் சாலையோரம் நின்றிருந்த ஒரு ஸ்கூட்டர் எரியும் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அது நம் போச்சம்பள்ளியில் தயாரான வகை. அடுத்த ஏப்ரலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், வீட்டில் சார்ஜில் இருந்த பேட்டரி வெடித்து ஒரு முதியவர் பலியானார். அந்த ஒரே மாதத்தில் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 6,600-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெற்றன. அதில் ஓலாவின் பங்கு 1,441.

மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைகளைக் கொண்டு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற விதி 2022 ஆகஸ்ட் கடைசியில் கடுமையாக்கப்பட்டது. செல், பி.எம்.எஸ்., சார்ஜர், பெட்டியின் வடிவமைப்பு என்று எல்லாவற்றையும் தொட்ட விதி அது. உள்ளே ஒரு செல்லில் ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சூடு பரவினால் என்ன ஆகும் என்பதும் அதற்குள் வந்தது. அக்டோபர் 1 முதல் அமல் என்றார்கள். பிறகு 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக்கினார்கள். எனவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை, கிலோமீட்டர் பார்ப்பதோடு அது 2023 ஏப்ரலுக்கு முன் தயாரானதா, பின் தயாரானதா என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால், ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் பின்னதையே வாங்குவேன்.

சென்சார் இருந்துவிட்டால் எல்லாம் சுகம் என்றும் சொல்ல முடியாது. தயாரிப்பிலேயே செல்லுக்குள் குறை இருந்தால், சூடு ஏறுவதை சென்சார் கவனித்துச் சார்ஜை நிறுத்துவதற்குள் உள்ளே ஷார்ட் ஆகிவிடலாம். 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் எரிந்தது செல்லுக்குள் இருந்த குறையால்தான். அதற்கும் முன்னால், 2007-ல் நோக்கியா நிறுவனம் பி.எல்.5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தைத் திரும்ப மாற்றித் தருவதாக அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகிச் சூடாகும் ஆபத்து என்றார்கள். வீட்டில் எல்லோரும் போனைக் கழற்றி, பேட்டரி நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆகவே, சென்சாரையும் தாண்டி ஒரு ஏற்பாடு வேண்டும். அது வண்டி நிற்கும் இடம். ஓசூரில் பாகலூர் சாலை, மத்திகிரி, ஜூஜூவாடிப் பக்கம் வாடகைக்கு விடும் வீடுகளைப் பாருங்கள். குறுகலான வாசல், அதை ஒட்டி மாடிப்படி. படிக்கு அடியில் மீட்டர் பெட்டி, அதற்குக் கீழே ஸ்கூட்டர், ராத்திரி முழுக்க சார்ஜ். மேலே நாலு குடும்பம் தூங்கும். கீழே ஏதாவது ஆனால் புகை ஏறுவதும் அந்தப் படி வழியாகத்தான், மனிதர்கள் இறங்க வேண்டியதும் அந்தப் படி வழியாகத்தான். வீட்டுக்காரர்கள் கொஞ்சம் மனசு வைத்து, காம்பவுண்டு ஓரத்தில் மழைபடாத இடமாகப் பார்த்து, எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொடுத்தால் புண்ணியம். வாடகைக்கு வருபவரும் அட்வான்ஸ் பேசும்போதே இதைக் கேட்கலாம். தண்ணீர் வருமா என்று கேட்பதில்லையா?

ஸ்கூட்டரே இல்லை, எனக்கென்ன என்பவர்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கவும். அதில் இருப்பது பெரும்பாலும் ஈய அமில பேட்டரி. குணம் வேறு, ஆனால் சூட்டுக்கு அதுவும் அடங்கும். சூடான ஈய பேட்டரிக்குக் குறைந்த வோல்டேஜே போதும். 25 டிகிரியில் 14.4 வோல்ட் வரை ஏற்றினால், 40 டிகிரியில் கிட்டத்தட்ட 14.1-லேயே நிறுத்திவிட வேண்டும். நல்ல சார்ஜர்கள் பேட்டரியின் மேல் ஒரு சென்சாரை வைத்து இந்தக் கழித்தலைத் தாமே செய்துகொள்ளும். அந்த வசதி இல்லாத இன்வெர்ட்டர், சமையலறைப் பரண் மேலோ, மொட்டை மாடி ஷெட்டிலோ இருந்தால், கோடை முழுக்கத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் ஊட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சீக்கிரம் வற்றும். ஹைட்ரஜன் வெளியாகும், அது தீப்பொறிக்குக் காத்திருக்கும் வாயு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது என்று எடுத்துக்கொண்டு, இன்வெர்ட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஆளைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் சாமி விளக்குகூட வேண்டாம்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கைபேசிக்குள்ளும் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்துச் சார்ஜ் போட்டால், சூடு அதிகம் என்று சார்ஜை நிறுத்திவிட்டுச் செய்தி காட்டுகிறதே, அது அதன் வேலைதான். உடனே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி நிழலில், மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வைத்தால் போதும். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடும் பிள்ளைகளை மட்டும் எழுப்பித் திட்டலாம்.

ஸ்கூட்டருக்கு வருவோம். வெயிலில் ஓட்டி வந்தால் அரை மணி, முக்கால் மணி நேரம் நிழலில் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள். எவ்வளவு ஆறிய பிறகும், காலைக் குளிரிலும்கூடச் சார்ஜ் ஏறவில்லை என்றால் அப்போது அது பழுதாக இருக்கலாம். கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், வழியில் இருக்கும் கடைக்கு அல்ல. சார்ஜில் இருக்கும்போது பேட்டரிப் பக்கமிருந்து சீறல் சத்தமோ, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடியோ, வெள்ளைப் புகையோ வந்தால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். எட்டாவிட்டால் விடுங்கள். பேட்டரியைத் தூக்கி வெளியே எறியலாம் என்று கிட்டே போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களையும் மாடியில் இருப்பவர்களையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு 101-க்கு போன் பண்ணுங்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்று மறக்காமல் சொல்லுங்கள். அணைந்த மாதிரி தெரிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து அது மறுபடி பற்றிக்கொள்ளும் என்பதால், தீயணைப்பு வீரர்களுக்கு அந்தத் தகவல் முதலிலேயே தெரிந்தாக வேண்டும்.